பாயிடம் வாங்கிய ஸ்டெப்னி

நான் ஒரு டயரைத் திருடினேன். இரவலாக வாங்கிய நல்ல டயரை என்னிடமே வைத்துக்கொண்டு, என்னுடைய உளுத்த டயருக்குக் கறுப்புப் பூசித் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தவர் என் மேல் இருந்த மரியாதையால் அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அப்போது நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வருமானம், செலவு, நியாய விலை என்று பலகையில் எழுதிய அதே கையால்தான் டயருக்குப் பாலிஷ் போட்டேன்.

இதைச் சொல்லும்போது நடுநடுவே என்னை நானே கேலி செய்துகொள்வேன். அப்படிச் செய்தால் குற்றம் கொஞ்சம் சிறியதாகத் தெரியும் என்ற நப்பாசை இன்னும் எனக்கு இருக்கிறது. படிப்பவர்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கார் என் சம்பாத்தியம் இல்லை. மாமனார் காலமானபோது மனைவிக்கு வந்தது. கறுப்பு நிறம், நாலு கதவு, உள்ளே உட்கார்ந்தால் பழைய பீரோவுக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு வாசனை. கல்லூரிக்கு நான் சைக்கிளில்தான் போனேன். காய்கறிக்கும் சைக்கிள்தான். பெட்ரோல் விலையை நினைத்தால் காரின் கதவைத் திறக்கவே கை வராது. ஆனாலும் எழுபதுகளில் திருவண்ணாமலையில் கார் வைத்திருக்கும் வாத்தியார் என்றால் தனி மதிப்பு. அந்த மதிப்புக்காகவே அதை வீட்டுப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தேன்.

மாதத்துக்கு ஒருமுறை மனைவியின் நிலத்தைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போவோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயத்தில் இன்னொரு தடவை. கார்த்திகை தீபத்துக்கு உறவினர்கள் வந்தால், நடக்க முடியாத பெரியவர்களை ஏற்றிக்கொண்டு காரிலேயே மலையைச் சுற்றி வருவேன். அடி அண்ணாமலையில் நிறுத்தி எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுப்பேன். "இந்தச் சுத்துக்குப் புண்ணியம் நமக்கில்லீங்க, டயருக்குத்தான்" என்பாள் மனைவி. மற்ற நாட்களில் கார் கொட்டகையில் நின்றது. மலைப்பாறை கக்குகிற சூடும் தகரத்தின் சூடும் சேர்ந்து அதை வேகவைத்தன.

மற்றவர்களின் டயர் ஓடித் தேயும். என் டயர்கள் நின்றே காய்ந்தன. தரையில் படுகிற பக்கத்தில் இருக்கும் கட்டங்களை எங்கள் ஊர் மெக்கானிக்குகள் பட்டன் என்பார்கள். என் டயர்களில் பட்டன் வாங்கிய அன்று போலவே இருந்தது. பார்த்தவர்கள், "இன்னா சார், டயரு புதுசா?" என்றார்கள். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் கோடை ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடிப்பு. நகத்தை வைத்து அழுத்தினால் ரப்பர் கொடுக்காது, கட்டையாக நிற்கும். மேலுக்கு இளமை, உள்ளே முதுமை. என்னைப் போலத்தான் என்று எழுத ஆசை. ஆனால் எனக்கு மேலுக்கும் இளமை இருக்கவில்லை.

டயர் மாற்றியே தீர வேண்டும் என்று தெரிந்ததும் நான் ஓர் ஆராய்ச்சியில் இறங்கினேன். அந்தக் காலத்தில் புது டயர் சுலபமாகக் கிடைக்காது. கடையில் கேட்டால் "ஸ்டாக் இல்ல" என்பார்கள். விலைக்கு மேல் கொடுக்கத் தயாரானால் ஸ்டாக் எங்கிருந்தோ எழுந்து வரும். விடைத்தாள் திருத்தச் சென்னைக்குப் போனபோது மத்தியான இடைவேளையில் சாப்பிடாமல் டயர் கடைகளாக ஏறி இறங்கினேன். வேலூருக்கு வேறு வேலையாகப் போனாலும் அங்கே பழைய டயருக்கு மறுபடி பட்டன் ஒட்டுகிற பட்டறையில் போய் நின்றேன். வாங்கவே மாட்டான் என்று தெரிந்தும் அவர்கள் எனக்கு டீ கொடுத்தார்கள். கல்லூரியில் மாணவர்கள் எனக்கு 'டயர் சார்' என்று பெயர் வைத்தது பின்னால்தான் தெரிந்தது.

என் வாதம் இப்படிப் போயிற்று. புது டயர் வாங்கினால் அதன் பட்டனில் காலே அரைக்கால்கூடத் தேய்வதற்குள் ரப்பர் காய்ந்துவிடும். ஓடப்போகாத மைலுக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? பட்டன் ஒட்டிய டயரோ, கிழ உடம்புக்குப் புதுச் செருப்பு மாட்டியது போல. என் காருக்குச் செருப்பில் குறையே இல்லை, உடம்புதான் கோளாறு. ஆகவே அதிகம் ஓடாத காருக்கு ஏற்றது, பாதி தேய்ந்த, ஆனால் வயது குறைந்த டயர். பட்டன் பாதி போனாலும் பரவாயில்லை, ரப்பரில் உயிர் இருக்க வேண்டும். விலையும் கம்மி.

இந்த முடிவு சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சிக்கல் ஒன்றுதான். பாதி தேய்ந்த டயரை விற்கிற மனிதர் எங்கள் ஊரில் இல்லை. எல்லாரும் அது மொட்டையாகிற வரை ஓட்டிவிட்டுத்தான் கழற்றினார்கள். நான் மட்டும் சரியான முடிவை வைத்துக்கொண்டு அந்த மனிதருக்காகக் காத்திருந்தேன்.

இந்தக் காத்திருப்பின் நடுவில் காஞ்சிபுரத்தில் மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவ்வளவு தூரம் அந்த டயர்களோடு போக வேண்டும். நாலும் எப்படியாவது ஓடிவிடும் என்று தோன்றியது. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை நினைத்தால்தான் பயமாக இருந்தது. மாமனார் காலத்திலிருந்து அது தரையையே தொட்டதில்லை. பட்டன் முழுதாக இருந்தது. வெடிப்பும் முழுதாக இருந்தது.

எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஒரே மாதிரி கார் வைத்திருந்தவர்கள் சிலர்தான். அவர்களுக்குள் ஸ்டெப்னி இரவல் போகும், வரும். நீண்ட பயணம் போகிறவர் யாரிடம் நல்ல ஸ்டெப்னி இருக்கிறதோ அவரிடம் கேட்டு, சக்கரத்தோடு வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்; ஊர் திரும்பியதும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். சக்கரங்கள் எல்லாம் ஒன்றே போல இருக்கும். யாரும் அடையாளம் வைத்ததில்லை, வைப்பதே அவமரியாதை.

அந்தச் சமயம் ஊரில் நல்ல ஸ்டெப்னி இருந்தது பாயிடம். பாய்க்கு மல்லாட்டை மண்டி. மூன்று தலைமுறையாக எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் குடும்பம். என்னைவிடச் சில வயது மூத்தவர். கல்லூரி வாத்தியார் என்றால் அவருக்கு அளவுக்கு மீறிய மதிப்பு. நான் மண்டிக்குள் நுழைந்தால் தராசை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். போய்க் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போங்க சார், கேக்கணுமா? புதுசு, இன்னும் ரோட்டையே பாக்கல அது" என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டி, "ஜாக்கி இருக்கா, இல்ல அதுவும் ஊர்லதான் வாங்கணுமா?" என்றார்.

"ஜாக்கி சொந்தம் பாய்."

"பரவால்லயே! காலேஜ்ல சம்பளம் ஏத்திட்டாங்க போல."

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தேன்.

சேத்துப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் பின் டயர் ஒன்று வெடித்தது. மனைவி பட்டுப் புடவையோடு புளிய மரத்தடியில் நின்றாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையில் உட்கார்ந்து சக்கரம் மாற்றினேன். "ரெண்டு வருஷமா ஊர் ஊரா டயர் பாத்தீங்களே, ஒண்ணாவது வாங்கியிருக்கலாமில்ல?" என்று கேட்டாள். பொருளாதாரத்தில் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் என் வாயில் ஒரு நட்டு இருந்தது.

பாயின் டயரை மாட்டியதும் கார் அந்த ஒரு மூலையில் மட்டும் வேறொரு காராக ஓடியது. பள்ளத்தில் இறங்கினாலும் அலுங்கவில்லை. கல்யாணம் முடிந்து வீடு திரும்புகிற வரை அந்தச் சுகத்தை அனுபவித்துக்கொண்டே வந்தேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஸ்டெப்னியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாயின் சக்கரத்தைக் கழற்றினால், என் கிழ ஸ்டெப்னியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், என் கார் மூன்று காலில் நிற்கும். என்ன விலையானாலும் ஒரு புது டயர் வாங்குவதுதான் நேர்மை. கொட்டகையில் நின்று யோசித்தேன். அப்போது என் படிப்பு எனக்கு உதவிக்கு வந்தது. பாயின் டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னி உபயோகப்படாத சொத்து. தூங்குகிற டயருக்குப் புது ரப்பர் எதற்கு? அதை ஓடுகிற இடத்தில் வைத்தால் அல்லவா ஊருக்கு லாபம்? இப்படி ஒரு மாணவன் பரீட்சையில் எழுதியிருந்தால் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன்.

பயணத்துக்கு முன் டிக்கியிலிருந்து எடுத்துக் கொட்டகை மூலையில் போட்டிருந்த என் பழைய ஸ்டெப்னியை வெளியே உருட்டி வந்தேன். ஈரத் துணியால் துடைத்தேன். வெடிப்புகள் தெரிந்தன. உள்ளே போய்க் கறுப்பு ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்து வந்து, பல் துலக்குகிற பழைய பிரஷ்ஷால் வெடிப்புக்குள் எல்லாம் தேய்த்தேன். பாலிஷ் காய்ந்ததும் துணியால் பளபளப்பு ஏற்றினேன். அன்று போல என் வாழ்நாளில் எந்த வேலையையும் சிரத்தையாகச் செய்ததில்லை. வேலை முடிந்தபோது டயர் கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல இருந்தது. அதை நம்பிக் காஞ்சிபுரம் வரை போக எனக்குத் தைரியம் இல்லை. பாய் போகலாம் என்று முடிவு செய்தேன். இந்தக் கதையில் நான் வெட்கப்பட வேண்டியவை பல உண்டு; எல்லாவற்றிலும் பெரியது இதுதான்.

மனைவி வந்து காலி டப்பாவைப் பார்த்தாள்.

"யாருக்குங்க பாலிஷ்? நீங்க செருப்புதான போடுறீங்க?"

"டயருக்கு."

"எதுக்கு?"

"திருப்பிக் குடுக்கும்போது சுத்தமா குடுக்கணுமில்ல?"

அவள் டயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போனாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அன்று ரசத்தில் உப்பு இல்லை.

மண்டியில் பாய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். நான் உருட்டி வந்ததைப் பார்த்ததும் ஆளைக் கூப்பிட்டு, "டிக்கியில போடுப்பா" என்றார். பிறகு என்னிடம், "வழியில ஏதாச்சும் தகராறு பண்ணுச்சா சார்?" என்று கேட்டார்.

"இல்ல பாய். மாட்டவே இல்ல. போன மாதிரியே வந்துடுச்சு" என்றேன்.

கேட்காத பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். டீ வரவழைத்தார். குடித்தேன்.

ஒரு மாதத்துக்குள் புது டயர் ஒன்று வாங்கிச் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபம் முடியட்டும் என்றேன். தீபம் முடிந்ததும் பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்தபோது டயர் விலை இறங்கப்போவதாக யாரோ சொன்னார்கள், இறங்கட்டும் என்றேன். பாயின் டயர் என் காரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் அதை என் டயர் என்றே நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

கோடையில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே பாயின் கார் வந்து நின்றது. உள்ளே அவர் மனைவி, பிள்ளைகள். பாயின் முகம் வெளிறியிருந்தது.

"ஆற்காட்டுல அக்கா மவுத்தாயிட்டாங்க சார். இப்பதான் டிரங்கால் வந்துச்சு. அஸருக்கு அடக்கம். போறேன்."

அந்த அக்காவைப் பற்றி அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். தாய் இல்லாத பாயை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல், ஆற்காட்டில் புருஷன் வீட்டாரோடு இருந்தார். பாய்க்கு வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். "பாய், ஸ்டெப்னி சரியில்ல, என் காரில இருக்கிறத மாட்டிக்கிட்டுப் போங்க." ஏன் என்று கேட்கக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாலு டயரும் நல்ல டயர், ஐந்தாவதுக்கு எங்கே வேலை வரப்போகிறது? அஸர் தொழுகை மாலையில்தான், அதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

"பாத்துப் போங்க பாய்" என்றேன்.

போளூர் தாண்டியதும் ஒரு டயரில் ஆணி ஏறியது. ஸ்டெப்னியை மாட்டினார்கள். ஒரு ஊரைக்கூடத் தாண்டவில்லை, அது பக்கவாட்டில் கிழிந்து வெடித்தது. சாலையில் அனல். வந்த பஸ்கள் நிரம்பி வந்தன, நிற்கவில்லை. கடைசியில் ஒரு நெல் லாரிக்காரர் மனது வைத்து ஏற்றிக்கொண்டார். அவரும் ஆரணியில் இறக்கிவிட்டுவிட்டார். அங்கிருந்து பஸ். ஆற்காட்டில் அஸருக்கு என்று சொன்னவர்கள் பொழுது சாய்கிற வரை மையத்தை, அக்காவின் உடலை, வைத்திருந்தார்கள். கோடை. அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. பாய் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து எல்லாரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் பாயே எனக்குச் சொன்னார், ஒரு வாரம் கழித்து, மண்டியில் உட்கார்ந்து. நான் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். துக்கத்துக்குக் காரணமானவன் துக்கம் விசாரிக்கப் போவதில் ஒரு வசதி உண்டு. முகத்தை வேண்டுமென்றே சோகமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

"பொம்பளைங்க மையத்தைக் குழிக்குள்ள இறக்குறது உரிமைப்பட்ட ஆம்பளதான் சார். புருஷன் இல்ல, புள்ள இல்ல. அக்காவுக்கு நான்தான். என்னை அவங்க தூக்கினு திரிஞ்சாங்க. ஒரே ஒரு தடவ நான் தூக்க வேண்டியிருந்துச்சு. ஜமாத்து ஆளுங்க இறக்குனாங்களாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுகூடப் போவட்டும் சார். அவங்க புருஷனோட தம்பி இருக்கான், அவன் இன்னா சொல்றான் தெரியுமா? 'காரு வெச்சிருக்கிறவனுக்கு அக்கா சாவுக்கு மட்டும்தான் பஞ்சரு ஆவுமா? அதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டா?' பொய் சொல்றேனாம். மண்டியில யாவாரத்த முடிச்சிட்டு மெதுவா வந்தேனாம். எல்லார் முன்னாடியும் கேட்டான்."

"விதி பாய்" என்றேன்.

"விதிதான் சார். ஆனா அந்த டயர் கடைக்காரன் இருக்கானே, அவன் பண்ண வேலையும்தான். புதுசுன்னு சொல்லி ஏதோ கிழ டயர என் தலையில கட்டிட்டான்."

நாற்பதாம் நாள் ஓதுகிற ஃபாத்திஹாவுக்கு ஆற்காட்டிலிருந்து அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. வருஷ ஃபாத்திஹாவுக்கும் அனுப்பவில்லை. அக்கா இருந்த வீட்டு வாசல் பாய்க்கு மூடிவிட்டது. அக்காவை அடக்கிய கபருக்குப் போய்வர வேண்டும் என்றால் யாருக்கும் தெரியாமல், வெளியூர்க்காரர் போலப் போய்விட்டு வந்தார். இதையும் அவர்தான் சொன்னார். எனக்கு இவ்வளவையும் சொல்கிற அளவுக்கு நான் அவருக்கு நம்பிக்கையானவனாக இருந்தேன்.

வருஷங்கள் போயின. எண்பதுகள் பிறந்தன. வேங்கிக்கால் பக்கம் மனைகள் விற்கத் தொடங்கின. டயர் தட்டுப்பாடு தீர்ந்தது. கடையில் நாலைந்து வகை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் பாய் என் வீட்டுக்கே வந்தார்.

"காருக்கு டயரு மாத்தணும் சார். நம்ம காரும் இப்ப ஜாஸ்தி ஓடறதில்ல, வெள்ளிக்கிழம பள்ளிவாசலுக்கும் கல்யாணம் காட்சிக்கும்தான். கம்மி விலையில எது சரிப்படும்னு எனக்குத் தெரியல. ஊர்ல டயர் விஷயம் தெரிஞ்சவரு நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. போன தடவ நான் ஏமாந்துட்டேன். நீங்க கூட வந்து பாத்துக் குடுங்க."

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

கடை அதே கடை. கடைக்காரரும் அவரேதான். பாயைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. இத்தனை வருஷமாகப் பாய் அவரைப் பற்றி மண்டியில் என்ன சொல்லிவந்தார் என்பது அவருக்குத் தெரியும். நான் ஒவ்வொரு டயராக எடுத்துப் பக்கவாட்டில் நகத்தை வைத்து அழுத்தினேன், வளைத்தேன், முகர்ந்தேன். பாய் என் பக்கத்தில் பெருமையாக நின்றார்.

"நல்லா பாருங்க சார். போன தடவ மாதிரி கிழவிக்கு மை பூசிக் குடுத்துடப் போறான்."

கடைக்காரர் பொறுக்கவில்லை. "பாய், இன்னும் எத்தினி வருஷத்துக்கு இதையே சொல்லுவீங்க? அண்ணாமலையார் மேல சத்தியம். கட்டு பிரிக்காத புது டயரத்தான் குடுத்தேன்."

"அப்போ டிக்கியில குந்திக்கினே கிழவியாயிடுச்சா?"

"சாரையே கேளுங்க. அவருக்குத் தெரியாதா? சார், நீங்களே சொல்லுங்க, ஒரு வருஷத்துல புது டயரு அப்பிடிக் காஞ்சு போவுமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "ஓடாத டயர் காஞ்சு போகும்" என்று சொல்லத் தொடங்கினேன். அது உண்மை. அதை வைத்து அரை மணி நேரம் பேசி இருவரையும் சமாதானப்படுத்தியிருக்க முடியும். வகுப்பில் அதைத்தான் முப்பது வருஷம் செய்தேன். ஆனால் அந்தக் கடைக்காரரின் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. செய்யாத தப்புக்குச் சத்தியம் செய்கிற மனிதனை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பேச்சு நின்றுவிட்டது.

"இவரு குடுத்தது புதுசுதான் பாய். நான் உங்களுக்குத் திருப்பிக் குடுத்ததுதான் பழசு. காஞ்சிபுரம் போய்ட்டு வந்தப்ப. உங்க டயரு என் வண்டியில ஓடிடுச்சு" என்றேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், "ஷூ பாலிஷ் போட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஒரு டயரின் மேல் மெல்ல உட்கார்ந்தார். பாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அன்னிக்கிக் கடைத்தெருவுல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான போனேன் சார்?"

"ஆமா பாய்."

"அப்பக்கூடச் சொல்லல."

அவர் வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார். நான் கடையிலிருந்த டயர்களில் விலை ஜாஸ்தியானதைக் காட்டி, பேரம் பேசாமல், முதல் முறையாக ஒரு டயருக்கு முழுப் பணத்தைக் கொடுத்தேன். உருட்டிக்கொண்டு போய் அவர் கார் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இது எனக்கு எதுக்கு சார்?" என்றார். கண் சிவந்திருந்தது. "ஆற்காட்டுக்கு வருவீங்களா? அந்த ஊட்ல, அவங்க முன்னாடி, இப்ப சொன்ன மாதிரியே சொல்லுவீங்களா?"

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்: அக்கா வீட்டார் முன்னால் தான் பொய்யன் இல்லை என்று ஆக வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஆற்காட்டில் அந்த அக்காவின் கொழுந்தனார் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தார். உறவுக்காரப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். இரவல் வாங்கியது, மாற்றியது, பாலிஷ் போட்டது, தெரிந்தும் அனுப்பியது, எல்லாவற்றையும். ஒன்றையும் விடவில்லை.

கொழுந்தனார் பாயைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான், ஆளு புடிச்சாலும் நல்லா படிச்ச ஆளாத்தான் புடிச்சிருக்கே."

"நான் சொல்றது உண்மைங்க" என்றேன்.

"தெரியுது சார், தெரியுது. காலேஜ்ல பாடம் நடத்துற மனுசன் டயரத் திருடி ஷூ பாலிஷ் போடுவாரா? இவனுக்காக உங்க பேரையே கெடுத்துக்கினு நிக்கறீங்களே, இந்தக் காலத்துல இப்பிடி ஒரு சினேகிதம் யாருக்குக் கிடைக்கும்?"

நான் சத்தியம் செய்தேன். எவ்வளவுக்குச் சத்தியம் செய்தேனோ அவ்வளவுக்கு அவர்கள் கண்ணில் உயர்ந்துகொண்டே போனேன். பெரியவர்களில் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பாலிஷ் விஷயத்தை மறுபடி விவரமாகச் சொன்னபோது, "எவ்ளோ யோசிச்சி ஜோடிச்சிருக்காரு பாரு" என்று இன்னொருவர் வியந்தார். என் வாழ்க்கையில் என்னை அத்தனை பேர் ஒரே நேரத்தில் பாராட்டியதில்லை.

கடைசியில் கொழுந்தனார் பாயின் தோளில் கை வைத்தார். "சரி மச்சான். இவ்ளோ பெரிய மனுசன் வந்து உனக்காகக் கேக்குறாரு. போனது போச்சு. லேட்டா வந்தே, வந்தே. நாங்க மன்னிச்சிட்டோம். இனிமே வந்து போய்க்கினு இரு."

பாய் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்தக் கூடத்தை, அக்கா படுத்திருந்த உள்ளறை வாசலை, ஒருமுறை பார்த்தார். "சரி மச்சான்" என்றார். அந்த வாசல் மறுபடி திறக்க அதுதான் விலை என்றால் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து டீயும் பிஸ்கட்டும் வந்தன. எனக்கு மட்டும் மரியாதையாகத் தனித் தட்டு.

திரும்பி வருகிற பஸ் ஆரணியில் நின்றபோது, "நான் செய்யாததுக்கு என்னை மன்னிச்சிட்டாங்க சார்" என்றார். "செஞ்ச உங்களுக்கு மரியாத." அவ்வளவுதான்.

ஊர் வேறு மாதிரி. டயர் கடைக்காரர் மறுநாளே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆற்காட்டில் ஒருவர்கூட நம்பாததை எங்கள் ஊரில் நம்பாதவர் ஒருவரும் இல்லை. கேட்டவுடனே நம்பினார்கள். யாரும் சற்று நேரம் தயங்கியதாகக்கூடத் தெரியவில்லை. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் குடை கொடுத்தவர், "இதே குடதான் திரும்பி வரணும் சார்" என்றார். வகுப்பில் பலகையில் யாரோ ஷூ பாலிஷ் டப்பா படம் வரைந்து வைத்திருந்தார்கள். அழித்துவிட்டுப் பாடம் நடத்தினேன். மனைவி ஒருமுறைகூட அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

பாய் என்னைத் தெருவில் பார்த்தால் தலையசைத்தார். மண்டிக்குப் போனால் நாற்காலி போட்டார். தராசை மட்டும் நிறுத்தவில்லை. ஆற்காட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போய்வந்தார். அங்கே விருந்தில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அக்கா மையத்துக்கு வராம உட்டவன்தான், ஆனா நல்ல ஆளு" என்று புதியவர்களிடம் அறிமுகப்படுத்துகிறார்கள் என்று மண்டிக் கணக்குப்பிள்ளை சொல்லி அறிந்தேன்.

அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருநாள் மண்டிக்குப் போய், பாயின் எதிரே உட்கார்ந்து, மனதில் இருந்ததைச் சொன்னேன். மறுபடி ஆற்காட்டுக்குப் போகிறேன், இந்தத் தடவை டயர் கடைக்காரரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவர்கள் நம்புகிற வரை அந்த வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்றேன்.

பாய் ஒரு மல்லாட்டையை உடைத்துப் பருப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்" என்றார். "இன்னொரு தடவ போனீங்கன்னா உங்களுக்குச் சிலையே வெச்சிடுவாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பருப்பைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார்.